கட்சாலில் கிழங்குக்கு எண்ணெய் கிடைத்தது

செருப்பின் வார் இரண்டாவது முறையாகச் சகதியில் பிய்ந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். பின்னால், மேட்டுக்கு அந்தப் பக்கம், ஒப்பந்தக்காரரின் தகர முகாம் இருந்தது. செல்போன் கோபுரம் நிறுத்துவதற்காக எங்களைப் போர்ட் பிளேரிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். சிமெண்ட் ஏற்றிய கப்பல் வரவில்லை. வேலை இல்லாத நாளுக்குச் சோறும் இல்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். சண்டை போட்டால் சோறு வரப்போவதில்லை. போர்வையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கட்சால் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கடலில் நானூறு கிலோமீட்டருக்கும் மேல். கப்பல் வழியில் மற்றத் தீவுகளையும் தொட்டுக்கொண்டு வரும். வானிலை நன்றாக இருந்தால் ஒன்றரை நாள். ஆகஸ்டில் வானிலை நன்றாக இருப்பதில்லை. கரையோரம் முழுவதும் நிக்கோபாரிகளின் தென்னை. உள்ளே மேட்டில் அரசு நட்ட ரப்பர். அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டுவதற்காக, இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார்கள். அவர்கள் இருக்கும் வீட்டு வரிசைகளுக்கு லயம் என்று பெயர். சுனாமி கரையைத் தின்றுவிட்டுப் போனது. மேட்டிலிருந்த லயம் தப்பியது. பிறகு பால் வெட்டும் வேலையும் நின்றுவிட்டது.

முகாமிலிருந்து லயத்துக்கு ஆறு கிலோமீட்டர். அங்கிருந்து கப்பல் அணையும் ஜெட்டிக்கு இன்னும் நான்கு. ஜெட்டியிலேயே படுத்திருந்து, எந்தக் கப்பல் வந்தாலும் ஏறிவிடுவது என்பது என் திட்டம்.

நண்பகல் வாக்கில் லயத்தின் முதல் வீட்டை அடைந்தேன். முன்பக்கம் தகரம் இறக்கிப் பெஞ்சு போட்டு அதை டீக்கடையாக்கியிருந்தார்கள். அடுப்பு எரிந்தது. எண்ணெய்ச் சட்டி சுத்தமாகக் கழுவப்பட்டுச் சுவரில் தொங்கியது. அதைப் பார்த்தபோதே நிலவரம் புரிந்திருக்க வேண்டும்.

"தேத்தண்ணி இருக்கு, பதினஞ்சு ரூவா. பால் கிடையாது. வடை கேக்காதீங்க, எண்ணெ இல்ல" என்றார் கடைக்காரப் பெண். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். புஷ்பராணி என்று பெயர். லயத்தில் எல்லோருக்கும் அக்கா.

"சாப்பிட என்ன இருக்கு?"

"கெழங்கு."

"வேற?"

"வேற கெழங்கு."

முதல் கிழங்கு மரவள்ளி, இரண்டாவது சேனை. இரண்டையும் வேகவைத்து உப்பும் மிளகாயும் இடித்துத் தொட்டுக்கொள்ளத் தந்தார். நான் தின்பதை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன கிலோ இருக்கும்?"

நான் தின்ற கிழங்கைக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"ஒடம்பக் கேக்குறேன் தம்பி. எம்பது தேறுமா?" என்றவர் உள்பக்கம் திரும்பிக் கத்தினார். "யோகா! வெரசா வா. எட்டாவது ஆளு நடந்தே வந்திருக்கு!"

யோகராஜன் அவருடைய தம்பி. கழுத்து தெரியாத உடம்பு. வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் என் கைகளைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். காய்ப்பு இருந்தது. அக்காவைப் பார்த்துத் தலையாட்டினான்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஆண்டும் பந்த்ரா அகஸ்த் அன்று (ஆகஸ்ட் பதினைந்தை அங்கே தமிழர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்) ஜெட்டிக்குப் பக்கத்து மைதானத்தில் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். ஒரு பக்கம் கரையோர நிக்கோபாரி கிராமம், மறுபக்கம் லயம். பக்கத்துக்கு எட்டுப் பேர். லயம் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. 'ரப்பர்காரன் இழுத்தால் வருவான், விட்டால் போவான்' என்று கரையில் கேலி பேசுவார்களாம். இந்த ஆண்டு லயத்தில் ஏழு பேர்தான் இருந்தார்கள். அந்த ஏழிலும் அண்ணன் தம்பி இருவர் அடுத்த கப்பலில் திருப்பூர் மில்லுக்குப் போகிறார்கள். திரும்பி வரும் எண்ணம் இல்லை. வேலை நின்றதிலிருந்து ஒவ்வொரு கப்பலும் லயத்திலிருந்து யாரையாவது ஏற்றிக்கொண்டு போகிறது.

"போன வருசம் ஒம்போது பேர் இருந்தோம், தோத்தோம். அடுத்த வருசம் எட்டுப் பேரே தேறாது. இந்தத் தடவ இழுத்தாத்தான் உண்டு" என்றான் யோகராஜன். "கப்பல் எப்படியும் பந்த்ரா அகஸ்துக்கு முன்னாடி வராது. தங்கிடுங்க."

"சாப்பாடு?"

அக்காவும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள். "கெழங்கு."

சம்மதித்தேன். ஜெட்டியில் அதுவும் கிடைக்காது.

படுப்பதற்குப் புகைக்கூடத்தைக் காட்டினார்கள். ரப்பர் ஓடிய காலத்தில் பால் தகடுகளைத் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்திய கல் கட்டடம். தோட்டம் மூடிய பிறகு பூட்டுக்கூட இல்லாமல் கிடந்தது. கூரை ஒழுகவில்லை. சுவரெல்லாம் கறுப்பு. முகாமை விட எவ்வளவோ மேல்.

அடுத்த நாளிலிருந்து பயிற்சி. அந்த நாட்களில்தான் கிழங்கைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. நான் பல ஊர்களில் பல விதமாகப் பட்டினி கிடந்திருக்கிறேன். இது வேறு. வயிறு கல் மாதிரி நிறைந்திருக்கும், ஆனாலும் பசிக்கும். காலையில் ஒரு தட்டு, மதியம் இரண்டு தட்டு, மாலையில் மறுபடியும். தொண்டையில் இறங்கத் தண்ணீர் வேண்டும். நாக்கு வறண்டது, உதடு வெடித்தது. இரவில் கனவில் பொரித்த அப்பளத்தின் சத்தம் கேட்டது. கயிற்றின் ஒரு முனையை ஒரு பெரிய மரத்தில் கட்டிவிட்டு எட்டுப் பேரும் இழுப்போம். முதல் இழுப்பு சிங்கம்போல இருக்கும். இரண்டாவதில் தொடை நடுங்கும். மூன்றாவதற்கு யோகராஜன் கூப்பிட்டால் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

லயத்து அங்கன்வாடிச் சுவரில் ஹிந்தி எழுத்தோடு ஒரு படம் ஒட்டியிருந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹிந்தியை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சாப்பாட்டுப் பொருள்களின் படமும், ஒவ்வொன்றுக்கும் எதிரே வண்ணப் பட்டைகளும். மாவுச்சத்துக்கு நீலம், கொழுப்புக்கு மஞ்சள். கிழங்குக்கு எதிரே நீலம் சுவரின் ஓரம் வரைக்கும் ஓடியது. மஞ்சளைத் தேட வேண்டியிருந்தது. பென்சிலால் தெரியாமல் இழுத்த கோடு மாதிரி இருந்தது. அதற்குக் கீழே தேங்காய். அதன் மஞ்சள் நீளமாக இருந்தது.

புஷ்பராணியிடம் போய்ச் சொன்னேன்.

"படத்தப் பாத்தா கண்டுபிடிச்சீங்க? கெழங்குல எண்ணெ கெடையாதுன்னு என் சட்டிக்கே தெரியும். அதுக்குத்தான் பொரிக்கிறது" என்றார். "பாய் கடையில கேட்டுப் பாருங்க."

கடை பாய் கீழக்கரைக்காரர். ஜெட்டிச் சாலையில் மளிகை வைத்திருக்கிறார். இரண்டு கிலோமீட்டர் நடந்து போனேன். அலமாரியில் சோப்பு, தீப்பெட்டி, குடை, பிளாஸ்டிக் வாளி. எண்ணெய்ப் பாக்கெட் இருந்த இடத்தில் வட்டம் வட்டமாகப் பிசுக்கு மட்டும் இருந்தது.

"வாங்க, வாங்க. குடை தரட்டுமா?" என்றார்.

"எண்ணெ வேணும் பாய்."

"எனக்கும்தான் வேணும். எங்க வீட்ல மீன அவிச்சுத் தின்றோம். தொண்டையில முள்ளு போறது தெரியுது, மீன் போறது தெரியல. கப்பல் வரட்டும்."

கடைக்கு வெளியே நின்று பார்த்தேன். சாலையின் இருபுறமும், கரை வளைந்து போகும் தூரம் வரைக்கும், தென்னை. ஒவ்வொன்றிலும் குலை குலையாகக் காய். கீழே விழுந்து முளைவிட்டவை வேறு. இத்தனை எண்ணெய் தலைக்கு மேல் தொங்க, ஒரு தீவே அண்ணாந்து பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேங்காய் கொப்பரையாகிக் கப்பல் ஏறுகிறது. எண்ணெய் பாக்கெட்டாகிக் கப்பலில் வருகிறது. கப்பல் நின்றது, இரண்டும் நின்றன.

மாலையில் பயிற்சி முடிந்ததும் சொன்னேன். "கரையில போய்த் தேங்கா கேட்டா என்ன?"

யோகராஜன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, நீங்க புதுசு. அதப் பேசக் கூடாது."

"ஏன்?"

"ஓல கட்டியிருக்காங்க."

புஷ்பராணி விளக்கினார். அவர்கள் குடும்பங்கள் முதன்முதலில் கட்சாலுக்கு வந்திறங்கிய காலத்தில், கரையோரத் தென்னைகளின் அடிமரத்தில் பச்சை ஓலையைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்ததாம். தொடக்கூடாது என்று அர்த்தம். யாரோ ஒரு லயத்து ஆள் தெரியாமல் காய் எடுத்துவிட்டு, ஊர்க்கூட்டத்தில் தலைகுனிந்து நின்றாராம். அன்றைக்கு லயத்தில் முடிவெடுத்தார்கள்: நிக்கோபாரித் தேங்காயைத் தொடுவதும் இல்லை, கேட்பதும் இல்லை. அந்த ஆள் செத்துப் போனார். சுனாமி வந்து அந்த மரங்களையும் கொண்டுபோனது. முடிவு மட்டும் அப்படியே இருந்தது. குழம்புக்கு ஒரு காய் வேண்டுமென்றால்கூட, கப்பலில் வருவதைப் பாய் கடையில் வாங்குவார்கள்.

"இப்பவும் ஓலை கட்டியிருக்கா?" என்று கேட்டேன்.

மற்ற ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் போகும்போது மரத்தைப் பார்ப்பதே இல்லையாம்.

மறுநாள் காலையில் நான் கிளம்பினேன். புஷ்பராணி ஒரு சாக்கில் மரவள்ளியும் சேனையும் நிரப்பி என் தலையில் ஏற்றிவிட்டுக் கூடவே வந்தார். "வெறுங்கையோட போய்க் கேக்குறதுக்கு நான் என்ன வோட்டா கேக்குறேன்?" என்றார். வழியெல்லாம் ஒவ்வொரு மரமாக அடிமரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஓலை இல்லை. அக்காவின் நடை வேகம் கூடியது. கொஞ்ச தூரம் போனதும் ஒரே இடத்தில் ஐந்தாறு மரங்களுக்கு ஓலை சுற்றியிருந்தது. அக்கா சட்டென்று நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா? திரும்பிடலாம்."

"மத்த மரத்துல இல்லையேக்கா."

"வம்பு வேணாம்."

"சாக்கு என் தலையில இருக்கு. நான் திரும்ப மாட்டேன்."

கிராமத் தலைவரை அங்கே கேப்டன் என்றே சொல்கிறார்கள். கேப்டன் ஐசக் வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தேங்காய் உடைத்துப் பன்றிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பன்றிகள் ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தன. லயத்தில் எங்களில் ஒருவர்கூட அப்படி இல்லை. புஷ்பராணி அந்தக் காட்சியைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

கேப்டன் பேசியது தீவு ஹிந்தி. எனக்குப் புரிந்த அளவில் தமிழில் எழுதுகிறேன்.

"அரே, லயத்து ஆள்! இங்க வரைக்கும் வந்திருக்கீங்க. யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல கேப்டன் சாப். தேங்கா வேணும்" என்றார் புஷ்பராணி. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தனை?"

அக்கா கண்ணைத் திறந்தார். அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவே இல்லை.

"ஓலை கட்டியிருக்கே..."

"அது ஒரு விருந்துக்கு ஒதுக்கின மரம். விருந்து முடிஞ்சா அவிழ்த்துடுவோம். மத்த மரம் இருக்கே."

"அந்தக் காலத்துலயும் கட்டியிருந்தீங்களே?"

"அந்தக் காலத்துலயும் விருந்து இருந்திருக்கும்." கேப்டன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். விஷயம் மெதுவாகத்தான் அவருக்குள் இறங்கியது. "அப்படின்னா அன்னையிலேர்ந்து நீங்க கேக்காம இருந்தது இதனாலயா? நாங்க என்ன நெனச்சோம் தெரியுமா? லயத்துக்காரங்களுக்குத் தேங்காய் பிடிக்காதுன்னு."

அவர் சிரித்த சிரிப்பில் வீட்டுக்குள்ளிருந்து நான்கைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். புஷ்பராணிக்கு முதலில் முகம் சிவந்தது, பிறகு அவரும் சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன்.

காசு பேச வேண்டாம் என்றார் கேப்டன். தேங்காய் அவருடையது இல்லை. பெரிய கூட்டுக்குடும்பத்துக்குப் பொது. கேட்டால் கொடுக்கலாம், விற்பதற்கு எல்லோரும் கூட வேண்டும். சாக்கில் என்ன என்று கேட்டார். கிழங்கைக் கொட்டிக் காட்டினேன். வீட்டிலிருந்தவர்கள் சுற்றிக்கொண்டார்கள். சுனாமிக்குப் பிறகு ரேஷன் அரிசி வரத் தொடங்கியதும் கிழங்குத் தோட்டம் போடுவதை இளைஞர்கள் விட்டுவிட்டார்களாம். நல்ல கிழங்கு தின்று வெகு நாளாயிற்றாம். ஒரு பெண் சேனையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் தரவே இல்லை.

அங்கேயே பேசி முடித்தோம். லயம் கிழங்கு தரும், கரை தேங்காய் தரும். சாக்குக்குச் சாக்கு.

கிளம்பும்போது கேப்டன் கேட்டார். "இவ்வளவு தேங்காய் எதுக்கு?"

புஷ்பராணி மறைக்கவில்லை. "கயிறு இழுக்க. உங்கள ஜெயிக்க."

"அப்ப இன்னும் ரெண்டு சாக்கு எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா எங்களுக்கு அசிங்கம்."

லயத்தில் ஒரு சின்னப் புரட்சி நடந்தது. யோகராஜன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எவன எதிர்த்து இழுக்கப் போறோமோ அவன் தேங்காயையே திங்கிறதா?"

"தேங்கா மரம் எந்த டீம்னு கேட்டுட்டு வரட்டுமா?" என்றார் அக்கா. "ஒக்காந்து துருவுடா."

மழை விடாததால் எண்ணெய் காய்ச்சும் வேலை புகைக்கூடத்தில் நடந்தது. எட்டுப் பேரும் துருவினோம். பெண்கள் தேங்காய்ப்பூவைப் பிழிந்து பால் எடுத்தார்கள். பாலைப் பெரிய உருளியில் ஊற்றி அடியில் மட்டையை எரித்தோம். வெகு நேரம் வெறும் பால்தான் கொதித்தது. அவசரப்பட்டு எட்டிப் பார்ப்பவர்களை அக்கா கரண்டியால் விரட்டினார். பிறகு பால் திரிந்தது, சத்தம் மாறியது, மேலே எண்ணெய் பிரிந்து நின்றது. அந்த வாசனை கல் சுவரெல்லாம் ஏறிய ரப்பர் புகை வாசனையை அடித்துத் தள்ளியது. பத்துப் பன்னிரண்டு காய்க்கு ஒரு லிட்டர் கிடைத்தால் பெரிது. அடியில் பொன்னிறமாகத் தங்கிய கசடைச் சீனி தூவிக் கொடுத்தார். அதைத் தின்றபோது யோகராஜன் எதிரியின் தேங்காயைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சுவரிலிருந்து எண்ணெய்ச் சட்டி இறங்கியது. மரவள்ளியைத் துருவி, வெங்காயம் போட்டு, வடை. சேனையை மெல்லியதாகச் சீவி வறுவல். மிச்சத் தேங்காய்ப்பூவில் ரொட்டி. மீனுக்குத் தேங்காய்ப்பால். அதே கிழங்குதான், அதே அளவுதான். ஆனால் இரண்டாவது தட்டுக்கு வயிறு போதும் என்று சொல்லியது. வயிறு அப்படிச் சொல்லி எத்தனை நாள் ஆயிற்று! கிழங்குக்குச் சொந்தமாகக் கொழுப்பு கிடையாது. அதனால்தானோ என்னவோ, எவருடைய கொழுப்பைக் கொடுத்தாலும் குடித்துக்கொள்கிறது. ஒரு வாரத்தில் உதட்டு வெடிப்பு ஆறியது. பயிற்சியில் மூன்றாவது இழுப்புக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு நாள் மரத்தில் கட்டிய கயிறு அறுந்து எட்டுப் பேரும் மல்லாந்து விழுந்தோம்.

"ஒடம்புல கொழுப்பு ஏறிப் போச்சுடா ஒங்களுக்கு!" என்று புஷ்பராணி வாசலிலிருந்து கத்தினார். அவர் அதை இவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

பந்த்ரா அகஸ்த் அன்று காலையில் மழை இல்லை. மைதானம் மட்டும் ஊறிக் கிடந்தது. கொடியேற்றம், மிட்டாய், பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்பு எல்லாம் முடிந்து பதினொரு மணிக்குக் கயிற்றைக் கொண்டுவந்து போட்டார்கள். கப்பல் கட்டுகிற கயிறு, என் மணிக்கட்டுப் பருமன். எதிர்ப்பக்கம் எட்டு நிக்கோபாரிகள். ஒவ்வொருவரும் தென்னை ஏறி, படகு தள்ளி வளர்ந்த உடம்பு. மூன்று இழுப்பில் இரண்டு ஜெயிக்க வேண்டும். எங்கள் பக்கம் கடைசி ஆளாக, கயிற்றை முதுகில் சுற்றிக்கொண்டு, யோகராஜன். அவனுக்கு முன்னால் நான். எனக்கு முன்னால் திருப்பூர் போகும் அண்ணன் தம்பி.

முதல் இழுப்பு விசில் ஊதி மூச்சு விடுவதற்குள் முடிந்தது. நாங்கள் கோட்டைத் தாண்டிச் சகதியில் முகம் குப்புற விழுந்திருந்தோம். கரைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பலகையைத் தட்டிக் கொண்டாடினார்கள். "ரப்பர்! ரப்பர்!" என்று எவனோ கத்தினான்.

எழுந்து சகதியைத் துடைத்தபோது புஷ்பராணி கோட்டின் ஓரமாக வந்து நின்றுகொண்டார். "எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கல. நான் சொல்றப்ப இழுங்க" என்றார். என்ன சொல்லப் போகிறார் என்று சொல்லவில்லை.

விசில் ஊதியது. அக்கா கத்தினார். "வடை!"

இழுத்தோம்.

"ரொட்டி!"

இழுத்தோம்.

"வடை! ரொட்டி! வடை! ரொட்டி!"

லயத்துப் பெண்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மைதானம் முழுக்கச் சிரிப்பு. எதிர்ப்பக்கம் முன்னால் நின்ற ஆளே சிரித்துவிட்டான், அவன் குதிகால் வழுக்கியது. நாங்கள் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது சாப்பாட்டுப் பட்டியல் அல்ல, கட்டளை. இரண்டாவது இழுப்பு எங்களுக்கு.

மூன்றாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. கயிறு இரண்டு பக்கமும் நகராமல் கம்பியாக நின்றது. மழை தொடங்கியது. என் உள்ளங்கைத் தோல் உரிவது தெரிந்தது. வலி பிறகுதான் வந்தது. எனக்கு முன்னாலிருந்த அண்ணன்காரன் "விட்டுடாத, விட்டுடாத" என்று தம்பியிடம் முனகிக்கொண்டே இருந்தான். நாங்கள் ஒரு சாண் போனோம். திரும்பி ஒரு சாண் வந்தோம். பழைய நாளாக இருந்தால் இந்த இடத்தில்தான் தொடை நடுங்கும். நடுங்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒருவனின் முட்டி மடங்குவதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்துவிட்டார். குரல் கிழியக் கத்தினார்.

"வடை! வடை! வடை!"

ரொட்டிக்கு இடைவெளியே விடவில்லை. இழுத்தோம், இழுத்தோம், கயிற்றின் நடுவிலிருந்த சிவப்புத் துணி எங்கள் கோட்டைத் தாண்டி வந்தது, விசில் ஊதினார்கள், நாங்கள் நிறுத்தவில்லை. கரைக்காரர்கள் எட்டுப் பேரையும் எங்கள் பெண்கள் நின்ற இடம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த்தான் விட்டோம்.

யோகராஜன் கயிற்றைக் கழற்றாமலே சகதியில் உட்கார்ந்து அழுதான். புஷ்பராணி அழவில்லை. அவருக்குப் பேச்சு வரவில்லை. மூன்று நாளைக்குக் குரல் வராது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கேப்டன் வந்து யோகராஜனைத் தூக்கி நிறுத்தினார். "ஜெயிச்சது எங்க தேங்காய்" என்றார்.

"அப்ப உங்க ஆளுங்களும் அதத்தானே தின்னாங்க?" என்றான் யோகராஜன் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எங்க தின்னாங்க? நீங்க கொடுத்த கிழங்கப் பாத்ததுலேர்ந்து ரெண்டு வாரமா வேற எதையும் தொடலையே!"

அவருடைய எட்டுப் பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அதில் உண்மை எவ்வளவு, தோற்றவரின் சமாளிப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எண்ணெய் ஜெயித்ததா, அக்காவின் தொண்டை ஜெயித்ததா என்றும் தெரியாது. ஜெயித்தோம்.

பரிசு ஒரு பன்றி. கேப்டன் வீட்டில் தேங்காய் தின்று வளர்ந்த அந்தப் பளபளப்புகளில் ஒன்று. தோற்றவர்கள் அதைத் தர வேண்டும், ஜெயித்தவர்கள் அதை அவர்களுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும். அன்று மாலை லயத்துக்கு முன்னால் கரைக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். பன்றி தின்னாத வீடுகளுக்கு மீன். பாய் தன் வீட்டாரோடு குடை பிடித்துக்கொண்டு வந்து வடை மட்டும் தின்றார். எத்தனை என்று நான் எண்ணவில்லை. இறைச்சி வெந்து இறங்கிய கொழுப்பில் மரவள்ளியைப் போட்டுப் புரட்டினார்கள். ஒரு துண்டை வாயில் போட்டேன். மூன்று கடல், பல மாநிலம் சுற்றிவிட்டேன். அதைவிட நல்ல கிழங்கை எங்கேயும் தின்றதில்லை.

மறுநாள் விடிந்ததும் கப்பலின் ஊதல் கேட்டது. போர்வையைச் சுருட்டிக்கொண்டு எல்லோரோடும் ஜெட்டிக்குப் போனேன். கப்பலிலிருந்து எண்ணெய்ப் பெட்டிகள் இறங்கின. பாய் ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்தார். அண்ணன் தம்பி இருவரும் ஏறினார்கள். தம்பிக்காரன் கையில் தேங்காயெண்ணெய் நிரப்பிய தண்ணீர் பாட்டில். கப்பல் தளத்தில் நின்று இருவரும் கயிறு இழுப்பது மாதிரி சைகை காட்டினார்கள். ஜெட்டியே கூவியது.

எனக்கு அடுத்து வரிசையில் யாரும் இல்லை. ஏற வேண்டியதுதான். பக்கத்தில் கேப்டன் கொப்பரைச் சாக்குகளுக்கு முன்னால் நின்று திட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் மழையில் பாதிக்கு மேல் பூஞ்சணம். வியாபாரி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். புஷ்பராணி அவர் சட்டையைப் பிடித்திழுத்தார். குரல் இல்லாததால் மேட்டின் பக்கம் கையைக் காட்டினார், மூக்கைப் பொத்திக்கொண்டார், கண்ணைக் கசக்கினார். கேப்டனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"புகைக்கூடத்தச் சொல்றாங்க. ரப்பர் காஞ்ச எடத்துல கொப்பரை காயாதா? மழை பெஞ்சா என்ன, உள்ள தீ போட்டா போதும்."

கேப்டன் யோசித்தார். "தீயை ராவும் பகலும் யார் பார்ப்பாங்க?"

புஷ்பராணி என்னைக் காட்டினார்.

கேப்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார். சம்பளம் என்ன வேண்டும், எத்தனை மாதம் இருப்பாய் என்றெல்லாம் கேட்கவில்லை. "அடுத்த பந்த்ரா அகஸ்துக்கு எந்தப் பக்கம் பிடிப்பே?" என்றார்.

கப்பல் இரண்டாவது தடவை ஊதியது.

"அவங்களுக்கு ரெண்டு ஆள் கொறையுது கேப்டன். இப்ப ஆறு பேர்தான், என்னையும் சேத்து."

"தெரியும். அதனாலதான் கேட்டேன். ஆறு பேர ஜெயிச்சா அது ஜெயிப்பா?" என்றவர் தன் ஆட்களில் இருவரைக் கைகாட்டினார். நேற்று எதிர்ப்பக்கம் நின்றவர்கள். "இவங்களையும் கூட்டிட்டுப் போ. மட்டை சுமக்கவும் ஆள் வேணும், அந்த அக்கா கையால தின்னணும்னு காலையிலேர்ந்து உயிர எடுக்குறாங்க."

கப்பல் ஏணியைத் தூக்கிவிட்டார்கள். நான் ஒரு கொப்பரைச் சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏறினேன். பின்னால் இரண்டு நிக்கோபாரிகள் ஆளுக்கொரு கட்டு மட்டையோடு "வடை, ரொட்டி, வடை, ரொட்டி" என்று அடி வைத்து வந்தார்கள்.